எட்டு போட்டாச்சு, பிரேக் பிடிக்கத் தெரியுமா?

தென்காசி மாவட்டம் சிவகிரியில் பைக் பழக நினைப்பவருக்கு வாத்தியார் பஞ்சமே கிடையாது. மாமா இருப்பார், பெரியப்பா மகன் இருப்பான், பக்கத்து வீட்டு அண்ணாச்சி இருப்பார். யாரும் வாய்க்காவிட்டால் ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையன் இருக்கவே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கிளம்பிய பிறகு மைதானம், கோடையில் தண்ணீர் வற்றிய குளம், தோப்புக்குப் போகிற வண்டிப்பாதை என்று இடத்துக்கும் குறைவில்லை.

"ஏல, கிளட்ச்ச முழுசாப் பிடி. ஒண்ணப் போடு. இப்ப மெதுவா விடு… மெதுவான்னு சொன்னேம்லா!"

வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும்.

"மாமா, பின்னாடி பிடிச்சிருக்கியளா?"

"பிடிச்சிருக்கேன். நீ முன்னாடி பாருல."

பிடித்திருக்க மாட்டார். பத்தடி தள்ளி நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருப்பார். சைக்கிள் காலத்திலிருந்தே இந்தப் பொய்யை நம்பித்தான் நம் ஊர்களில் எல்லோரும் பழகியிருக்கிறோம். அதில் தப்பொன்றும் இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வண்டியை எடுக்க, கியர் மாற்ற, வளைக்க, மேட்டில் ஏற்ற எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தருகிற மாமா, நிறுத்துவதற்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம் வைத்திருப்பார்: "முன் பிரேக்கத் தொட்ராத, தூக்கி அடிச்சிரும்." தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற தப்பான பாடங்களில் இதற்குத் தாராளமாக முதலிடம் கொடுக்கலாம்.

மாமா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததைச் சொல்கிறார். குளத்து மணலில் பழகும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன் சக்கரம் சறுக்கி வண்டி படுத்துவிடும், உண்மைதான். சைக்கிளில் இறக்கத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தவன் ஹாண்டில்பாருக்கு மேலாகப் பறந்ததையும் அவர் பார்த்திருப்பார். மணலிலும் சைக்கிளிலும் கிடைத்த அந்தப் பயத்தை அப்படியே தார் ரோட்டுக்கும் நூறு கிலோ பைக்குக்கும் கொண்டுவந்து விடுகிறோம். அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் மொத்தக் கூட்டமும் முன்பக்கம் சாய்கிறதல்லவா, பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்த நொடியில் வண்டியின் எடையும் ஓட்டுகிறவரின் எடையும் முன் சக்கரத்தின் மேல் வந்து இறங்கும். பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது ரோட்டைப் பற்றாது, பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டியை நிறுத்துகிற சக்தியில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. வலது கை விரல்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற அந்தச் சக்தியைத்தான் தொடவே கூடாதென்று சொல்லித் தருகிறோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். குறுக்கே ஆடு வருவதைக் கண் பார்த்து, மனசு புரிந்து, கை காலுக்குச் சேதி போக ஒரு நொடி என்று வைத்துக்கொண்டாலும் பிரேக் பிடிக்கும் முன்பே 17 மீட்டர் போய்விடும். காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் அதற்குமேல் இன்னொரு 23 மீட்டரில் வண்டி நிற்கும். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அந்த 23, நாற்பத்தைந்தைத் தாண்டிவிடும். ஆக, ஒருவர் 40 மீட்டரில் நிற்கிறார், இன்னொருவருக்கு 60 மீட்டருக்கு மேல் வேண்டும். இடையில் இருக்கிற அந்த இருபது சொச்சம் மீட்டருக்குள்தான் ஆடும் ஆளும் லாரியின் பின்பக்கமும் இருக்கின்றன.

இது நம் ஊர் மாமாக்களுக்கு மட்டுமே உரிய குறை என்று நினைத்துவிட வேண்டாம். 1981இல் அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதியது அது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். அதாவது அங்கேயும் மாமாதான் வாத்தியார். நெருக்கடியில் பலர் செய்ததும் ஒரே தப்பு. பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்ட ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள் என்பதும் அதில் இருக்கிறது. இரவல் வண்டியில் ஊர் சுற்றுகிற நம் இளவட்டங்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஏனென்றால் வண்டிக்கு வண்டி பழக்கம் வேறு. ஸ்பிளெண்டரில் நியூட்ரலிலிருந்து நாலு கியரும் முன்பக்கம் மிதித்தே விழும். பல்சரில் ஒன்று மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். அப்பாவின் ஸ்பிளெண்டரில் பழகியவன் நண்பனின் பல்சரை வாங்கிக்கொண்டு போய், மூன்றாவதிலிருந்து நான்காவது போடுவதாக நினைத்து மிதித்தால் இரண்டாவதில் விழுந்து வண்டி பின்னாலிருந்து இழுத்த மாதிரி திணறும். பழைய புல்லட்டில் இன்னும் மோசம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவசரத்துக்குப் பிரேக் என்று நினைத்து மிதித்தால் கியர் விழும்.

முன் பிரேக்கை எப்படித்தான் பழகுவது? அறுவடை இல்லாத காலத்தில் நெல் உலர்த்துகிற சிமென்ட் களம் காலியாகத்தான் கிடக்கும். மணலும் உமியும் இல்லாமல் பெருக்கிவிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, ஹாண்டில் கோணாமல், வலது கை விரல்களால் பிரேக்கை அமுக்க வேண்டும். சட்டென்று இறுக்கக் கூடாது. எலுமிச்சையைப் பிழிகிறபோது முதலில் லேசாக, பிறகு அழுத்தமாகப் பிழிவோமே, அந்தக் கைப்பதம்தான் வேண்டும். (பக்கத்தில் புளியங்குடி இருக்கும்போது எலுமிச்சைக்கு விளக்கம் தேவையில்லை.) அதே நேரம் வலது கால் பின் பிரேக்கை மிதிக்கும். வண்டி நிற்கப் போகிற கடைசிக் கணத்தில் கிளட்ச். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும். கை பழகப் பழக முப்பதில், பிறகு ஆளில்லாத தார் ரோட்டில் நாற்பதில் செய்து பார்க்கலாம். வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணலிலும், மழை நனைத்த வெள்ளைக் கோட்டின் மேலும் முன் பிரேக்கை இறுக்கக் கூடாது என்பது மட்டும் மாமா சொன்னதில் நிஜமாகவே மிஞ்சுகிற பகுதி.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படுகிற வண்டிகளில் அரசாங்கமே இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் குறைந்தபட்சம் சிபிஎஸ் இருக்க வேண்டும். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு அது. ஆனால் கிராமத்தில் பழகுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 2019க்கு முந்தைய வண்டி. அதில் ஓட்டுகிறவரின் விரல்தான் எல்லாம்.

எட்டுக்கு அப்பால்

சிவகிரிக்காரருக்கு லைசென்ஸ் எடுக்க சங்கரன்கோவில். டி.என். 79 என்று ஆரம்பிக்கிற நம்பர் பிளேட்டுகள் பிறக்கிற இடம் அங்கேதான். முதலில் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் எடுக்க வேண்டும். அது ஆறு மாதத்துக்குச் செல்லும், எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக்காட்டப் போக முடியும். அந்த முப்பது நாள் சும்மா காத்திருக்கச் சொன்ன நாள் இல்லை, பழகச் சொன்ன நாள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுதி முன்னும் பின்னும் மாட்டியிருக்க வேண்டும். பின்னால் உட்காருவதற்கு லைசென்ஸ் உள்ள, சொல்லித் தருகிற ஆளைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்து டியூஷனுக்குக் கூட்டிப்போவது சட்டப்படி தப்பு. இரண்டு ஆள் எடையில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று தெரியாமல் போவது அதைவிடப் பெரிய தப்பு.

டெஸ்ட் என்றால் எட்டு. கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், வண்டி ஆஃப் ஆகாமல் எட்டு போட வேண்டும். அதற்கு ஒரு நுணுக்கம் உண்டு, பலர் அதைத் தடுமாறித்தான் கண்டுபிடிக்கிறார்கள். வேகத்தை ஆக்ஸிலேட்டரால் கூட்டிக் குறைத்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், கால் தானாக ஊன்றிவிடும். ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் லேசாக வைத்துக்கொண்டு, கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, பின் பிரேக்கை இழையாக மிதித்துக்கொண்டே போனால் வண்டி நடக்கிற வேகத்தில் நிதானமாகத் திரும்பும். முகத்தையும் திரும்ப வேண்டிய பக்கத்துக்கு முன்கூட்டியே திருப்பிவிட வேண்டும். தரையில் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே போனவர் கோட்டின் மேல்தான் ஏறுவார்.

எட்டை நான் குறை சொல்ல மாட்டேன். மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கஷ்டம், அதற்கு எட்டு நல்ல பயிற்சி. ஆனால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதியைப் பிரித்துப் பார்த்தால், ஓட்டுகிறவர் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்ற நீண்ட பட்டியலில் அவசரத்துக்கு வண்டியை நிறுத்திக் காட்டுவதும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது எட்டுக்குள் அடங்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு கோட்டுக்குள் நிறுத்திக்காட்டச் சொன்னால், எட்டில் பாஸான எத்தனை பேர் தேறுவார்கள்?

கியர் வண்டிக்கும் கியர் இல்லாத வண்டிக்கும் லைசென்ஸ் தனித்தனி. ஸ்கூட்டிக்கு மட்டும் எடுத்தவர் பைக் ஓட்ட முடியாது, கியர் வண்டிக்கு எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம். 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது, தமிழ்நாடு முழுவதும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் எல்.எல்.ஆருக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டில் வண்டி இருந்தும் சாவி தன் கைக்கு வராத எத்தனையோ பேர் அந்த ஆண்டு ஓட்டப் பழகினார்கள். அந்தத் திட்டம் பிறகு நின்றுபோனது, பழகிய கை நிற்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் எடுத்தது கியர் இல்லாத லைசென்ஸ். இப்போது பழகப் போகிற பெண்களுக்கு என் யோசனை, முடிந்தால் கியர் வண்டியிலேயே பழகுங்கள். கூடுதலாக இரண்டு வாரம் ஆகலாம். ஆனால் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரத்தில் வாசலில் நிற்பது எந்த வண்டி என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புப் பையன்

சிவகிரி, ராயகிரி பக்கம் ஒரு பையன் முதலில் தொடுகிற வண்டி பைக் இல்லை, டி.வி.எஸ். எக்ஸ்.எல். உரமூட்டையும் வாழைத்தாரும் பால் கேனும் ஏறுகிற வண்டி. இரண்டு பேர் உட்காரும் டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து 1980இல் வந்தது. டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காருக்குச் சொந்த ஊர் நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடிதான்.

'பதினாறு வயசாச்சு, டி.வி.எஸ். ஓட்டலாம்' என்று வீட்டில் சொல்லிக்கொள்வது அந்த 50ஐ நினைத்துத்தான். சட்டம் பதினாறு வயதுக்கு அனுமதிப்பது 50 சிசி வரைதான். இன்று ஓடுகிற எக்ஸ்.எல். 100 பெயரிலேயே நூறை வைத்திருக்கிறது. ஸ்கூட்டிகளும் 50ஐத் தாண்டியவைதான். கடையில் போய்க் கேட்டால் 50 சிசிக்குள் பெட்ரோல் வண்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆக, பதினெட்டு ஆகாத பையன் டியூஷனுக்கு எடுத்துப் போகிற வண்டி ஏறக்குறைய எதுவாக இருந்தாலும் அது சட்டத்துக்கு வெளியே ஓடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பிடிபட்டால் மாட்டுவது பையன் மட்டுமல்ல. வண்டி கொடுத்த அப்பாவுக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓர் ஆண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு இருபத்தைந்து வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. இதைவிட முக்கியமாக, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது லைசென்ஸைத்தான்.

மலையோரச் சாலை

சிவகிரியில் பழகுகிறவருக்கு என்று சில தனிப்பாடங்கள் இருக்கின்றன. சென்னையில் இருப்பவருக்கு இவை தெரியாது, தேவையும் இல்லை.

ஊரை ஒட்டிப் போகிற திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744, ராஜபாளையத்திலிருந்து சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டை போய் ஆரியங்காவு வழியாகக் கேரளத்தில் இறங்குகிறது. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் ராத்திரி பகல் பாராமல் போகும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள், ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போகிற கார்கள். இந்த இரண்டு சீசனிலும் வண்டிக்காரர்களில் பாதிப் பேர் ரோட்டுக்குப் புதியவர்கள், மீதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கள். புதிதாகப் பழகியவர் அந்த மாதங்களில் இருட்டிய பிறகு நெடுஞ்சாலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

ஆனி, ஆடியில் இன்னொன்று காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். சிவகிரியிலிருந்து தெற்கே போகும்போது மலை வலது கைப்பக்கம், காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான். கடையநல்லூரைத் தாண்டினால் உடம்பிலேயே தெரியும். திரும்பி வடக்கே வரும்போது லாரியை முந்தினால் லாரி காற்றை மறைத்துக்கொள்ளும், வண்டி லேசாக இருக்கிற மாதிரி தோன்றும். லாரியின் முகப்பைத் தாண்டிய நொடியில் மறைத்து வைத்திருந்த காற்று மொத்தமும் பக்கவாட்டில் வந்து அடிக்கும். அப்போது ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்காலால் டாங்கை அணைத்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்தால் வண்டி தானே நேராகும்.

கிராமத்து ரோடுகளில் தை, மாசியில் வேறு சோதனை. களம் போதாமல் தானியத்தைத் தார் ரோட்டிலேயே காயப் போடுவார்கள். மக்காச்சோளமோ உளுந்தோ சக்கரத்துக்கடியில் வந்தால் உருளும். அதன் மேல் இருக்கும்போது பிரேக்கும் கூடாது, வளைப்பதும் கூடாது. தூரத்திலேயே பார்த்து, வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏறிய பிறகு நேராக உருண்டு போய்விட வேண்டும். சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து வருகிற ஆடுகளில் முதல் ஆடு தாண்டிவிட்டதென்று நினைத்து வேகம் எடுக்கக் கூடாது, பின்னால் குட்டி ஓடி வரும். கரும்பு ஏற்றிய டிராக்டரின் டிரெய்லரில் பின் விளக்கு இருக்கும் என்று எந்த ராத்திரியிலும் நம்பக் கூடாது.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சலித்துப்போன விஷயம்தான். 1935 மே மாதம் இங்கிலாந்தில், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்கத் தன் பிரஃப் சுப்பீரியர் வண்டியைத் திருப்பி விழுந்தார். தலையில் அடி, ஆறாம் நாள் உயிர் போனது. அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் அந்தச் சாவை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் சேதி கொண்டுபோகிற ராணுவ வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். ஹெல்மெட் உயிரைக் காக்கிறது என்பதற்கு மருத்துவம் சேர்த்த முதல் சான்றுகளில் அது ஒன்று. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கெடுபிடி ஆரம்பித்தது. அதற்கு ஏழு ஆண்டு கழித்து, 2022இல், ஹெல்மெட் போடாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அந்த ஆண்டு தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் மொத்தம் 17,884. நம் பக்கத்தில் ஹெல்மெட் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்துதான் அதிகம் பயணம் செய்கிறது, செக்கிங் தெரிந்தால் மட்டும் தலைக்கு ஏறும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்கி, வாரை மாட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

பழைய வண்டி வாங்கிப் பழகுகிறவர்களுக்கு ஒரு விஷயம் பாக்கி. பேரம் பேசும்போது எல்லோரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், சைலன்சர் புகையைப் பார்ப்பார்கள், டயரைக் கிள்ளுவார்கள். வலது கை லீவரை யாரும் அமுக்கிப் பார்ப்பதில்லை. 'முன் பிரேக்கத் தொட்ராத' என்று வளர்ந்தவரிடம் பத்து வருஷம் ஓடிய வண்டியில் அந்த லீவர் கைப்பிடி வரைக்கும் வந்து முட்டும். கேபிள் துருப்பிடித்திருக்கும், பிரேக் லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்திருக்கும். ஒர்க் ஷாப்பில் கேபிளும் லைனரும் மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும், அரை மணி நேர வேலை. ஆயில் மாற்றுவதற்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.